புது கியர் சைக்கிள் ஏன் கரகரக்கிறது?

புது மவுண்டன் பைக் வாங்கியவர்களில் பலருக்கு முதல் வாரத்திலேயே ஒரு கவலை வந்துவிடும். "இவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், ஏன் இப்படிக் கரகரவென்று சத்தம் போடுகிறது?" எனக்கும் வந்தது. மேம்பாலத்தில் பாதி ஏறியபின் மூச்சு வாங்க, வலது கைப் பொத்தானை அழுத்தினேன். பின்னால் 'கடக்' என்று எலும்பு முறிவதுபோல ஒரு சத்தம். செயின் அறுந்துவிட்டது என்றே நினைத்து இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வண்டி சரியாகத்தான் இருந்தது. நான் கியர் மாற்றிய நேரம்தான் தவறு.

21 கியர் என்றால் முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7. ஹேண்டில்பாரில் இடது கை முன்பக்கத்தையும் வலது கை பின்பக்கத்தையும் மாற்றும். இரண்டு பக்கமும் எண் 1 என்றால் மிதிக்க லேசு. எண் ஏற ஏற மிதி கனக்கும், வேகம் கூடும்.

கால் தளர்ந்தால்தான் செயின் நகரும்

பொத்தானை அழுத்தியதும் கேபிள், பின்சக்கரத்தின் அருகே தொங்கும் டீரெய்லரை நகர்த்துகிறது. அது செயினைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததில் ஏற வேண்டுமானால், அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதில் பாரமும் குறைவாக இருக்க வேண்டும். மேட்டில் முழு பலத்தையும் கொடுத்து மிதிக்கும்போது செயின் கம்பிபோல விறைத்து நிற்கும். அந்த நிலையில் தள்ளினால் பல்லில் மோதித்தான் தாவும். நான் கேட்ட 'கடக்' அதுதான்.

ஆகவே மேடு தொடங்கும் முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். மாற்றும் அந்த ஒரு சுற்றில் காலைத் தளர்த்தி, ஆனால் நிறுத்தாமல் மிதியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கிளிக் போதும். சிவப்பு விளக்கில் நின்றபின் பொத்தானை அழுத்தாதீர்கள். நிற்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே, வண்டி ஓடும்போதே குறைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பின்னோக்கி மிதிக்கவும் கூடாது, செயின் கழன்றுவிடும்.

சேராத ஜோடிகள்

21 கியர் இருப்பதால் 21-ஐயும் ஓட்ட வேண்டும் என்பதில்லை. முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது என்று போட்டால் செயின் குறுக்காக இழுபடும். முன்னால் சிறியது, பின்னாலும் சிறியது என்றாலும் அப்படியே. முன்பக்கச் செயினை நகர்த்தும் முன் டீரெய்லரின் தகட்டில் செயின் உரசி, இடைவிடாமல் 'சரசர'வென்று கேட்கும். செயினும் பல்லும் சீக்கிரம் தேயும்.

இந்த ஜோடிகளால் தனி லாபமும் இல்லை. பரவலாகக் காணப்படும் ஓர் அமைப்பில் முன்னால் 42, 34, 24 பற்கள். பின்னால் 14 முதல் 28 வரை. பெரியதும் பெரியதும் சேர்ந்தால் 42-ஐ 28-ஆல் வகுக்க 1.5. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒன்றரைச் சுற்று. முன்னால் நடுச்சக்கரம் 34, பின்னால் 22 என்று வைத்தால் ஏறக்குறைய 1.55. காலுக்கு வித்தியாசமே தெரியாது, செயினோ நேராக ஓடும். சிறியதும் சிறியதும் சேரும் 24-க்கு 14 தருவது 1.71, அதை 34-க்கு 20 என்ற ஜோடி 1.7 ஆகத் தந்துவிடுகிறது. சமதளத்தில் முன்னால் நடுச்சக்கரத்தில் வைத்து, பின்கியரை மட்டும் மாற்றி ஓட்டிப் பழகுவது நல்ல தொடக்கம்.

கேபிள் தளர்வு

ஒழுங்காக மாற்றியும் 'டிக் டிக்' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் கேபிளைப் பார்க்க வேண்டும். 1984-இல் ஷிமானோ நிறுவனம் டியூரா ஏஸ் என்ற பந்தய சைக்கிள் பாகங்களில் கொண்டுவந்த கிளிக் முறைதான் இன்று சாதாரண வண்டிவரை வந்திருக்கிறது. ஒவ்வொரு கிளிக்கும் கேபிளைக் குறிப்பிட்ட நீளம் இழுக்கும். பின் பல்சக்கரங்களுக்கு இடையே இருப்பதோ சுமார் 5 மில்லிமீட்டர். புதுக் கேபிளும் அதன் உறையும் முதல் சில வாரங்களில் அமுங்கிச் சற்றே தளரும். அந்தச் சிறு தளர்வே செயினை இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே தடுமாற வைக்கப் போதும். முதல் சர்வீஸைத் தவறவிடக் கூடாது என்பது இதற்காகத்தான்.

நீங்களே சரிசெய்யவும் முடியும். டீரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில், அல்லது ஹேண்டில்பாரில் கியர் பொத்தானை ஒட்டி, விரலால் திருகக்கூடிய சிறு உருளை இருக்கும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, பெடலைக் கையால் சுற்றியபடி கியரை மாற்றிப் பாருங்கள். பெரிய பல்சக்கரத்தில் ஏறச் செயின் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. உருளையை வெளியே கழற்றுவதுபோலக் கால் சுற்று திருகுங்கள். சிறியதற்கு இறங்கத் தயங்கினால் உள்ளே திருகுங்கள். சத்தம் அடங்கும்வரை கால் கால் சுற்றாகவே போங்கள். டீரெய்லரில் உள்ள எச், எல் என்ற இரண்டு திருகாணிகளைத் தொடாதீர்கள். அவை செயின் எதுவரை போகலாம் என்ற எல்லையைக் காப்பவை. தவறினால் செயின் ஆரக்கம்பிக்குள் விழும்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்தில் கேட்கும் சீரான 'டிக்டிக்டிக்' ஃப்ரீவீலின் இயல்பான சத்தம். செயின் வறண்டு கீச்சிட்டால் பழைய துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை நின்றால் புழுதி ஒட்டும். ஆனால் லேசான கியரில் டீரெய்லர் ஆரக்கம்பியில் தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். வண்டி விழுந்ததில் டீரெய்லரைத் தாங்கும் துண்டு வளைந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் டீரெய்லர் சக்கரத்துக்குள் சிக்கி முறியும். அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும், வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போங்கள்.