வலக்கண்ணின் இரகசியம்

1958ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18ஆந் திகதி இரவு, கனடாவின் மொன்றியல் நகரிலே, 'போரம்' என்னும் விளையாட்டரங்கில் இரு குழுக்கள் பனிக்கட்டி ஹொக்கி ஆடின. ஒன்று அவ்வூர்க் குழுவாகிய கனேடியன்ஸ். மற்றது ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து வந்த புரூயின்ஸ். 3-0 என்ற கணக்கிற் பொஸ்டன் வென்றது. அக்குழுவில் ஆட இயலாத ஒருவருக்குப் பதிலாகக் கியூபெக் நகரிலிருந்து அவசரமாக அழைக்கப்பட்டிருந்த 22 வயது இளைஞர் ஒருவரும் அன்றிரவு முன்னணியில் இடப்பக்கமாக ஆடினார். கோல் எதுவும் அவர் போடவில்லை. மறுநாட் காலையிற் பத்திரிகையைப் பார்த்தபோதே, தேசிய ஹொக்கி லீக்கில் ஆடிய முதலாவது கறுப்பினத்தவர் தாம் என்பதை அவர் அறிந்துகொண்டார். அவ்விளைஞரின் பெயர் வில்லி ஓரீ.

அரங்கிலிருந்த ஆயிரக்கணக்கானோர் அவரது நிறத்தைக் கண்டனர். அவரது வலக்கண்ணிற் பார்வை ஏறக்குறைய அற்றுப்போயிருந்ததை எவரும் காணவில்லை. அவரை அழைத்த பொஸ்டன் நிருவாகத்தினரும் அதனை அறியார். அறிந்திருப்பின் பனித்தளத்தில் இறங்கவிட்டிருக்கமாட்டார்கள். ஒரு கண் பார்வை இழந்தோர் அந்த லீக்கில் ஆடலாகாது என்பது விதி.

பனிக்கட்டியைக் குளிர்பானக் கிண்ணத்தில் மாத்திரமே கண்டு பழகிய நமக்கு இவ்விளையாட்டின் வேகத்தை மனத்திற் கொண்டுவருதல் எளிதன்று. நாம் பாடசாலை மைதானங்களிற் காணும் ஹொக்கிக்கும் இதற்கும் உள்ள உறவு பெரும்பாலும் பெயரளவினதே. பக்கத்துக்கு அறுவர், சப்பாத்தின் அடியிலே கத்திபோன்ற உருக்கலகு, பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உடைய கெட்டியான இறப்பர்த் தட்டு. துள்ளாதிருக்கும் பொருட்டு ஆட்டத்துக்கு முன் அத்தட்டைக் குளிரில் உறைய வைப்பர். வல்லவன் ஒருவனின் கோலிலிருந்து புறப்படும்போது அது கல்லினுங் கொடியது. தட்டை வைத்திருப்பவன்மீது உடலால் மோதுவதற்கும் விதி இடங்கொடுக்கின்றது. தலைக்கவசம் அணியும் வழக்கமோ அக்காலத்தில் இல்லை. இத்தகைய களத்தில் ஒற்றைக் கண்ணோடு ஆடுவது எத்தன்மைத்து என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வில்லி ஓரீ 1935ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆந் திகதி, கனடாவின் கீழ்த்திசையிலுள்ள நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் தலைநகரான பிரெடெரிக்டனிலே பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. அமெரிக்க அடிமைத்தளையிலிருந்து தப்பி வடக்கே வந்த முன்னோரின் வழித்தோன்றல்கள் அக்குடும்பத்தார். அந்நகரிற் கறுப்பினக் குடும்பங்கள் மிகச் சிலவே இருந்தன. மாரி வந்ததும் வீட்டு முற்றத்தில் நீரைப் பாய்ச்சி உறையவிட்டால் அதுவே ஆடுகளம். மூன்று வயதிற் சறுக்கப் பழகிய சிறுவன் வில்லி, ஐந்து வயதிலேயே ஒழுங்கான குழுவொன்றிற் சேர்ந்துவிட்டான். மோதலைத் தாங்கவும் திருப்பி மோதவும் கற்பித்தவர் மூத்த தமையன். நிறத்தைச் சொல்லி ஏசுவோர் உலகில் இருப்பர் என்பதையும், அவ்வேச்சைக் கேட்டும் எவ்வாறு ஆடுவது என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

கறுப்பினத்தவர் இவ்விளையாட்டுக்கு அயலவர் என்று எண்ணுதல் தவறு. பக்கத்து மாகாணமான நோவா ஸ்கோஷியாவின் ஹலிபக்ஸ் நகரிலே, தேவாலயங்களைச் சார்ந்து, கறுப்பினத்தவருக்கென ஒரு ஹொக்கி லீக் 1895ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. தேசிய ஹொக்கி லீக் பிறந்தது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1917இலே. எனினும் வெளியுலகம் இதனை அறிந்திருக்கவில்லை. 1949ஆம் ஆண்டு வில்லியின் பேஸ்போல் குழு நகரப் போட்டியில் வென்றபோது, பரிசாகச் சிறுவர்களை நியூயோர்க்குக்கு அழைத்துச் சென்றனர். அங்கே புரூக்ளின் மைதானத்திலே, பேஸ்போல் பெரு லீக்குகளில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி றொபின்சனை அவன் சந்தித்தான். தான் பேஸ்போலோடு ஹொக்கியும் ஆடுவதாகச் சிறுவன் கூற, கறுப்பினப் பிள்ளைகள் ஹொக்கி ஆடுவதுண்டோ என றொபின்சனே வியந்தாராம்.

1955-56ஆம் ஆண்டுப் பருவத்தில், ஒன்ராறியோ மாகாணத்துக் கிச்சினர் நகரின் இளையோர் குழுவில் ஓரீ ஆடிக்கொண்டிருந்தார். பெரிய லீக்கின் வாயிற்படி அது. ஒரு நாள், கோலுக்கு முன் அவர் நின்றவேளையிலே, எவரோ அடித்த தட்டு இன்னொருவரின் கோலிற் பட்டுத் திசைமாறி அவரது முகத்தைத் தாக்கிற்று. மூக்கும் கன்னத்து எலும்பும் உடைந்தன. வலக்கண்ணின் பார்வையில் நூற்றுக்கு 95 பங்கு போயிற்று. இனி ஹொக்கி ஆடுதல் இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டார். எட்டு வாரங்களுக்குள் ஓரீ மீண்டும் பனித்தளத்தில் நின்றார்! மிக நெருங்கியோர் ஓரிருவரைத் தவிர எவருக்கும் அவர் உண்மையைச் சொல்லவில்லை.

ஈண்டு ஒன்றை விளக்குதல் வேண்டும். இடப்பக்கமாக ஆடுபவனுக்கு ஆட்டத்தின் பெரும்பகுதி அவனுடைய வலப்பக்கத்திலேயே நிகழும். தட்டு வருவது அத்திசையிலிருந்து. மோத வருபவனும் பெரும்பாலும் அத்திசையிலிருந்தே வருவான். ஓரீயின் இருண்ட கண்ணும் அதே பக்கத்தது. ஆகவே வலத்தோளுக்கு மேலாகத் தலையை முழுவதும் திருப்பினாலன்றித் தட்டு வருவதை அவர் காணமுடியாது. தொடக்கத்திற் பல தட்டுக்களைத் தவறவிட்டார்; கோலுக்கு நேரே அடித்தவையும் விலகிச் சென்றன. காணாததை மறந்து, காணக்கூடியதில் மனத்தைச் செலுத்துவது என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார்.

இதனை வீரமென்று ஒரு சொல்லிற் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த விதி நிறத்தடை போன்ற அநீதியன்று. ஆடுபவனின் எஞ்சிய கண்ணைக் காப்பதற்காக எழுந்தது. அதனை மறைத்து ஆடியவர் தமது முழுப் பார்வையையும் பணயம் வைத்தார். கூலி கொடுத்த கழகத்தையும் ஏமாற்றினார். ஆனால், வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் இருபது வயதிலேயே வாழ்வின் கதவு சாத்தப்பட்டிருக்கும் என்பதும் உண்மை. மற்றவர்கள் இரு கண்ணோடு ஒரு தடையைத் தாண்டவேண்டியிருக்க, அவரோ ஒற்றைக் கண்ணோடு இரண்டைத் தாண்டவேண்டியிருந்தது.

1956ஆம் ஆண்டு மில்வோக்கி பிரேவ்ஸ் என்னும் பேஸ்போல் கழகம் அவரைத் தேர்வுப் பயிற்சிக்கு ஜோர்ஜியா மாநிலத்துக்கு அழைத்தது. அற்லாந்தா விமான நிலையத்தில் இறங்கியதும் அவர் கண்டவை, வெள்ளையருக்கு ஒன்றும் நிறத்தவருக்கு ஒன்றுமாகப் பெயரெழுதிய இரு கழிப்பறைகள். பயிற்சி முகாமிலும் கறுப்பினத்தவருக்குத் தனி இருப்பிடம். தேர்வு பெறாமல் பஸ்ஸிலே நாட்கணக்காக வடக்கு நோக்கித் திரும்பினார். புறப்படும்போது கடைசி ஆசனத்தில் அமர்ந்தவர், மாநிலங்கள் கடக்கக் கடக்கச் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்தார். பேஸ்போலை அத்துடன் மறப்பதென முடிவு செய்தார். அவ்வாண்டே கியூபெக் ஏசஸ் குழு அவரை ஏற்றுக்கொண்டது. பஞ்ச் இம்லாக் பயிற்றிய அக்குழு 1956-57ஆம் ஆண்டுப் பருவத்தில் தன் லீக்கின் வெற்றிக் கிண்ணத்தையும் பெற்றது. கண்ணைப் பரிசோதிக்க எவரும் முன்வரவில்லை, அவரும் நினைவூட்டவில்லை.

பொஸ்டன் அழைப்பு வந்த அவ்வாண்டில் இரண்டே ஆட்டங்கள். பின்னர் கியூபெக்குக்கே அனுப்பிவிட்டனர். 1960-61இல் மீண்டும் அழைத்து 43 ஆட்டங்கள் ஆடவிட்டனர். 1961ஆம் ஆண்டு புதுவருட நாளன்று, அதே மொன்றியல் குழுவுக்கெதிராகத் தமது முதற் கோலைப் போட்டார். பொஸ்டன் மக்கள் எழுந்துநின்று நெடுநேரம் ஆரவாரித்தனர். எல்லா ஊரும் பொஸ்டன் அன்று. சிக்காகோவில் எதிர்க்குழு வீரர் ஒருவர் இனத்தைச் சொல்லி இழித்ததோடு கோலின் பிடிப்பக்கத்தால் முகத்தில் இடித்து, மூக்கையும் முன்பற்களையும் உடைத்தார். ஓரீயும் தமது கோலால் அவர் தலையில் அடித்தார், பெருங்கைகலப்பு மூண்டது.

அப்பருவத்தின் முடிவில் பொஸ்டன் அவரை மொன்றியலுக்குக் கைமாற்றியது. அத்துடன் பெரிய லீக்கில் அவர் வரலாறு முடிந்தது: 45 ஆட்டங்கள், 4 கோல்கள், பிறர் போட 10 கோல்களுக்கு உதவி.

அவர் நிலைத்து நில்லாமைக்கு நிறம் காரணமா, கண் காரணமா? அக்காலத்தில் லீக்கில் ஆறே குழுக்கள் இருந்தன. நல்ல கண்ணும் வெள்ளை நிறமும் உடைய எத்தனையோ வல்லவர்களுக்கும் இடம் வாய்க்கவில்லை என்பதை மறத்தலாகாது. ஆயினும் இன்னொருவரை இங்கு நினைக்கவேண்டும். ஓரீக்கு முன்னர் அதே கியூபெக் ஏசஸ் குழுவில் ஆடிய ஹேர்ப் கார்ணெகி, இரு கண்ணும் நன்கு உடையவர். பின்னர் மொன்றியலின் பெருந்தாரகையாக விளங்கிய ஜோன் பெலிவோவும் அவரும் ஒரே குழுவினர். ஜமேக்கா நாட்டவரின் மகனாக ரொறொன்ரோவிற் பிறந்த அந்தக் கறுப்பினத்தவருக்குப் பெரிய லீக்கில் ஓர் ஆட்டமேனும் கிடைக்கவில்லை. ஓரீ 1961இல் விலகிய பின், அடுத்த கறுப்பினத்தவரான மைக் மார்சன் அந்த லீக்கிற் காலடி வைத்தது 1974இலே. ஓரீயின் கண்ணைக் காட்டி இவ்விரண்டையும் விளக்கிவிட முடியாது.

ஓரீயை 'ஹொக்கியின் ஜாக்கி றொபின்சன்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அவ்வொப்புமை முழுவதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. றொபின்சனைப் புரூக்ளின் கழகத் தலைவர் பிராஞ்ச் றிக்கி தேடித் தேர்ந்து, திட்டமிட்டுக் களமிறக்கினார். ஓரீயின் பின்னால் எந்தத் திட்டமும் இருக்கவில்லை. 2018இல் ஹொக்கிப் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டதும், 2022ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி பொஸ்டன் கழகம் அவரது 22ஆம் இலக்கத்தை இனி எவரும் அணியாவண்ணம் உயர்த்தி வைத்ததும் நெடுங்காலத்துக்குப் பின் வந்த சிறப்புக்கள்.

மொன்றியல் கழகமும் சில மாதங்களிலேயே அவரைக் கலிபோர்னியாவின் லொஸ் ஏஞ்சலிஸ் பிளேட்ஸ் குழுவுக்கு அனுப்பிவிட்டது. 1962இல் அந்நகரில் நடந்த ஒரு மதிய விருந்திலே றொபின்சனை மறுபடியும் சந்தித்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் புரூக்ளினுக்கு வந்த சிறுவன் என்று றொபின்சன் அவரை அடையாளங் கண்டுகொண்டார். அங்கேதான் பயிற்சியாளர் அவரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார். இடக்கைப் பழக்கத்தாரின் கோலைப் பிடித்தவர் என்பதால், இனி வரும் தட்டுக்களைக் கோலின் புறப்பக்கத்தால் ஏற்கவேண்டிய புதிய இடர் தோன்றிற்று. ஆயினும் ஆட்டம் முழுவதும் இப்போது அவரது இடப்புறத்திலே, காணும் கண்ணின் பக்கத்திலே நிகழ்ந்தது. தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. 1964-65ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 38. அப்போது அவருக்கு வயது 29.