எத்தனை வரி எழுதினாய்? மென்பொருள் வேலையை அளப்பதில் உள்ள சிக்கல்

பாயான் லெப்பாசில் மென்பொருள் பொறியாளராக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை மதிப்பீடு உண்டு. சம்பள உயர்வும் போனசும் அதை வைத்துத்தான். ஆண்டு முழுவதும் கணினி முன் உட்கார்ந்து செய்த வேலையை எப்படி அளப்பது? மென்பொருள் உலகம் வெகுகாலமாகச் சொல்லிவந்த ஒரு பதில், எழுதிய வரிகளை எண்ணுவது. பழைய பதில்தான். ஆனாலும் செயற்கை நுண்ணறிவு வந்தபின் அது புது வேகத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பு. அது வரி வரியாக எழுதப்படுவதால் எண்ணுவது சுலபம். கணினியே ஒரு நொடியில் எண்ணிக் கொடுத்துவிடும். ஒரு மென்பொருள் எவ்வளவு பெரியது என்று சொல்ல இந்த எண் ஓரளவு உதவவும் செய்கிறது. 1991இல் லினக்ஸ் முதன்முதலில் வெளியானபோது அதில் ஏறக்குறைய 10,000 வரிகள் இருந்தன. இன்று 3 கோடியைத் தாண்டிவிட்டது. அமெரிக்க அறிஞர் பேரி போம் 1981இல் வெளியிட்ட கொகோமோ என்னும் முறை, எத்தனை ஆயிரம் வரிகள் தேவைப்படும் என்ற ஊகத்தை வைத்து, எத்தனை பேர் எத்தனை மாதம் உழைக்க வேண்டும் என்று மதிப்பிட்டது. வீடு கட்டுமுன் சதுர அடிக் கணக்குப் போடுவது போலத்தான் இதுவும்.

வீட்டின் சதுர அடியைக் கொத்தனாரின் திறமைக்கு அளவுகோலாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

1 முதல் 100 வரை கூட்ட ஒரு நிரல் எழுதச் சொன்னால், ஒருவர் ஒவ்வோர் எண்ணாகக் கூட்டி 100 வரி எழுதலாம். இன்னொருவர் ‘திரும்பத் திரும்பச் செய்’ என்ற கட்டளையை வைத்து 3 வரியில் முடிக்கலாம். பள்ளியில் படித்த சூத்திரம் நினைவில் இருப்பவருக்கு, 100ஐ 101ஆல் பெருக்கி 2ஆல் வகுக்க ஒரே வரி போதும். மூவருக்கும் விடை 5050. வரிக் கணக்கில் மட்டும் முதலாமவர் 100 மடங்கு உழைப்பாளி!

இது விளையாட்டுக் கணக்கு. நம் நாட்டு நடப்புக்கு வருவோம். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. (இது கட்டும் வரி, எழுதும் வரியன்று.) உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்ற சில சேவைகள் மட்டும் 6 விழுக்காட்டிலேயே நீடித்தன. ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். அறை வாடகைக்கு 8, அதே ஹோட்டலில் சாப்பிட்டதற்கு 6. பில் போடும் மென்பொருளில் 6 என்ற எண்ணை 40 இடங்களில் நேரடியாக எழுதி வைத்திருந்தால், ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, எது மாற வேண்டும், எது மாறக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்று தவறினாலும் வாடிக்கையாளர் பில்லில் பிழை. விகிதங்களையெல்லாம் ஒரே அட்டவணையில் வைத்திருப்பவர் அங்கு மட்டும் திருத்திவிட்டுப் போய்விடுவார். வரிகளை எண்ணிச் சம்பளம் கொடுத்தால், 40 இடங்களில் எழுதியவருக்கு எழுதும்போதும் லாபம், திருத்தும்போதும் லாபம்.

ஆப்பிள் நிறுவனத்தில் 1982இல் நடந்த ஒரு சம்பவம் மென்பொருள் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒவ்வொரு வாரமும் எத்தனை வரி எழுதினோம் என்று பொறியாளர்கள் படிவத்தில் நிரப்ப வேண்டும் என மேலாளர்கள் கேட்டார்கள். பில் அட்கின்சன் அப்போதுதான் திரையில் படம் வரையும் நிரலின் ஒரு பகுதியை மாற்றி எழுதி, அதைச் சுமார் 6 மடங்கு வேகமாக்கியிருந்தார். அந்த மாற்றத்தில் ஏறக்குறைய 2,000 வரிகள் குறைந்துபோயின. படிவத்தில் அவர் எழுதியது: கழித்தல் 2,000. சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

தோட்டப்புறத்தை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. ரப்பர் தோட்டத்தில் வாளி நிறையப் பால் இருந்தால் மட்டும் போதாது. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் எடை கூடிவிடும். அதனால்தான் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்த்தார்கள். மாதிரி எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அதோடும் விடவில்லை. கத்தியை ஆழமாக வைத்தால் இன்று பால் கூடுதலாக வரலாம். ஆனால் மரம் காயப்பட்டு, மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, பிறகு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. ஆகவே மண்டோர் பட்டையையும் பார்த்தார்.

மென்பொருளிலும் ‘உலர்ந்த ரப்பரை’ எடை போட முயன்றவர்கள் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் ஆலன் ஆல்பிரெக்ட் 1979இல் செயற்புள்ளிகள் என்ற முறையை முன்வைத்தார். மென்பொருளுக்குள் என்ன தகவல் போகிறது, என்ன வெளியே வருகிறது, எத்தனை கோப்புகளை அது பராமரிக்கிறது என்று பயனாளர் பக்கமிருந்து எண்ணும் முறை இது. எத்தனை வரி என்பது பொருட்டல்ல. ஆனால் அப்படி எண்ணுவதற்குப் பயிற்சி வேண்டும், நேரமும் வேண்டும். பட்டையைப் பார்க்கும் வேலைக்கு ஒரு கருவி மட்டும் போதாது. இன்னொரு பொறியாளர் உட்கார்ந்து அந்த நிரலைப் படித்துப் பார்க்க வேண்டும்.

பினாங்கில் எண்ணும் பழக்கம் ஊறியிருப்பதில் வியப்பில்லை. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக மண்டலம் உருவானது. அதே ஆண்டில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் தொடங்கியது. ஆலையில் ஒரு சில்லைப் போலவே அடுத்த சில்லும் இருக்கும். குறையுள்ளதைக் கழித்துவிட்டு மீதியை எண்ணலாம். அங்கே ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்வதுதான் வேலை. மென்பொருளில் ஒன்றை மீண்டும் செய்யக் காசு செலவில்லை, நகலெடுத்தால் போதும். இதுவரை இல்லாத ஒன்றை யோசித்து எழுதுவதுதான் அங்கே உழைப்பு. சில்லை எண்ணிய கையோடு வரியையும் எண்ணுவது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான்.

2024 அக்டோபரில் கூகல் தலைமை நிர்வாகி சுந்தர் பிச்சை, அந்நிறுவனத்தில் புதிதாக உருவாகும் நிரலில் கால்பங்குக்கு மேல் செயற்கை நுண்ணறிவு எழுதுவதாகவும், அதைப் பொறியாளர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொள்வதாகவும் கூறினார். முதல் பாதிதான் பெரிதாகப் பேசப்பட்டது. வேலை தேடும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவது பாதி. ஆயிரம் வரியை இயந்திரம் ஒரு நிமிடத்தில் கொட்டிவிடும். அதில் எது சரி, எதை வீச வேண்டும் என்று பார்ப்பவரின் ஒரு நாள் உழைப்பு எந்த வரிக் கணக்கிலும் ஏறாது.

ஆகவே மதிப்பீட்டுக்குப் போகும் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பிழை எத்தனை நாளாக வாடிக்கையாளரைத் தொல்லைப்படுத்தியது, அதை எப்போது தீர்த்தார்கள், திறக்க 10 நொடி எடுத்த பக்கம் இப்போது எத்தனை நொடியில் திறக்கிறது, சக ஊழியரின் நிரலில் வெளியீட்டுக்கு முன்பே பிடித்த தவறு எது என்று தேதியோடு எழுதி வைக்கலாம், நீக்கிய வரிகளையும் சேர்த்து.