ராத்திரி ஷிப்டில் எத்தீரியம்

கையில் தன்னார்வலர் பட்டையைக் கட்டிவிட்ட நிமிஷத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கேடிபிஓ அரங்கம். உள்ளே நுழைந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மேஜைகள், மேஜைக்கு மேஜை லேப்டாப், தரை நெடுக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். "மாமா, இதுதான் மாமா எத்இந்தியா!" என்று அக்கா மகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அதற்குள் எனக்குப் புல்லரித்துவிட்டது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2017லிருந்து பிளாக்செயின் பைத்தியம். அக்கா மகன் ஆவடியில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கூடப் படிக்கும் மூன்று பேருக்கும் இடம் கிடைத்ததும் நானும் தன்னார்வலராக எழுதிப் போட்டேன். கூப்பிட்டுவிட்டார்கள்! விருந்தாளியாகப் போயிருந்தால் ராத்திரி ஓட்டலுக்குத் தூங்கப் போயிருப்பேன். தன்னார்வலனாகப் போனதால் அரங்கத்தின் ராத்திரி முழுக்கப் பார்க்கக் கிடைத்தது.

கிரிப்டோ கூட்டம் என்றால் நம் பக்கம் ஒரு சித்திரம் பதிந்துபோயிருக்கிறது: ஓட்டல் ஹால், கோட்டு போட்ட ஒருவர், ஆறு மாதத்தில் இரட்டிப்பு, ஆள் சேர்த்தால் கமிஷன். அதற்குப் பெயர் வேறு. டெவ்ஃபோலியோ நிறுவனம் 2018ல் தொடங்கிய எத்இந்தியாவில் 36 மணி நேரம் கொடுப்பார்கள். அதற்குள் எத்தீரியம் என்ற பிளாக்செயினின் மேல் ஓடக்கூடிய ஒன்றைச் செய்து நடுவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த வாரம் பிட்காயின் 44 ஆயிரம் டாலரைத் தொட்டிருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் யாரும் காணாத விலை. ஆனால் மூன்று நாளில் ஒருத்தர்கூட என்னிடம் விலை பேசவில்லை. "டிப்ளாய் ஆச்சா?", "கேஸ் எவ்வளவு போகுது?", "ஃபாசெட் வருதா?" இதே பேச்சுதான்.

கேஸ் என்றால் ஈத்தர் நாணயத்தில் கட்டும் பதிவுக் கட்டணம். ஃபாசெட் என்றால் குழாய். சோதித்துப் பார்ப்பதற்கென்றே செபோலியா என்று ஒரு தனி வலைப்பின்னல் உண்டு. அங்கே ஓடும் ஈத்தருக்குக் காசு மதிப்பு கிடையாது. முகவரியைக் கொடுத்தால் ஃபாசெட்டிலிருந்து கொஞ்சம் சொட்டும். ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் பிள்ளைகளுக்கு அது தீர்ந்துபோனது. பக்கத்து மேஜைப் பெண் யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்காமல் தன் கையிருப்பில் பாதியை அனுப்பிவிட்டாள். போட்டியில் அவள் எதிரணி! எஸ்டேட்டில் நைட் ஷிப்டில் பக்கத்து ஷெட்டுக்குப் போய் டூல் பிட் வாங்கி வருவோமே, அந்த உறவு இங்கேயும் இருக்கிறது என்று தெரிந்தபோது மனசு நிறைந்துவிட்டது.

பிள்ளைகள் செய்தது டிசி புத்தகம். ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு வரும்போதும் போகும்போதும் டெலிவரி சலான், அதாவது டிசி, எழுதுவோம். கார்பன் வைத்து மூன்று படி: பெறுகிறவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புகிறவருக்கு ஒன்று. 500 பீஸ் அனுப்பினேன் என்று நாமும், 480தான் வந்தது என்று அவர்களும் நிற்கும்போது இந்தப் படிகள்தான் சாட்சி. படி தொலைந்துபோய் நான் நாலு மாதம் பணத்துக்கு அலைந்ததும் உண்டு. பிளாக்செயின் அந்த மூன்று படியை ஆயிரக்கணக்கான படியாக்கி ஆயிரக்கணக்கான கணினிகளில் வைக்கிறது. ஒருவர் தன் படியில் கை வைத்தால் மற்றப் படிகள் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இதன் மேல் ஆசை பிறந்ததே டிசி புத்தகத்தால்தான். எண்ணும்போதே தப்பாக எண்ணினால் சங்கிலி அந்தத் தப்பைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். அதனால் பெறுகிறவரும் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பதிவு முடியும் என்று பிள்ளைகள் அமைத்தார்கள். பட்டறைக்கு ஒருநாள்கூட வேலைக்கு வராத பிள்ளைகளுக்கு இது தோன்றியிருக்கிறது!

விடியற்காலை மூன்று மணி. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, பையைத் தலைக்கு வைத்துப் பாதிப் பேர் தூங்குகிறார்கள். மீதிப் பேர் முகத்தில் திரை வெளிச்சம். நான் காபியும் சார்ஜருமாக மேஜை மேஜையாகப் போகிறேன். திருநெல்வேலிப் பேச்சு ஒரு மூலையில், கோயம்புத்தூர்ப் பேச்சு இன்னொரு மூலையில். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீராம் கண்ணன்தான் எத்தீரியத்தின் மேல் இயங்கும் ஐகன்லேயரைத் தொடங்கியவர் என்று ஒரு பையன் எனக்குப் பெருமையாகச் சொல்கிறான், சொந்த அண்ணனைச் சொல்வதுபோல.

எங்கள் மேஜையில் ஏழெட்டு முறை 'ரிவர்ட்', அதாவது அனுப்பிய பதிவை வலைப்பின்னல் திருப்பித் தள்ளிவிட்டது. நாலேகாலுக்கு அக்கா மகன் ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடியும் அனுப்பினான். எத்தீரியத்தில் பிளாக் விழ 12 நொடி. நாலு பேரும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திரையில் பச்சை எழுத்து: சக்ஸஸ். அம்பத்தூரிலிருந்து கிளம்பிய 500 பீஸ், பெறுகிறவர் ஒப்புதலுடன், யாராலும் அழிக்க முடியாதபடி பதிவாகிவிட்டது. கத்திவிட்டேன்! தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர் ஒருவர் மட்டும் கால் மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனார். அதுவே பெரிய விஷயம். ஊர் திரும்பியதும், அக்கா மகனுடைய வாலட்டை மீட்க உதவும் 12 சொற்களை அக்கா ஒரு தாளில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு பூஜை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அதுதான் சரியான இடம். அந்தச் சொற்களைப் படம் பிடிக்கக் கூடாது, யாரிடமும் சொல்லவும் கூடாது.

இது எங்கள் மேஜையோடு நிற்கிற விஷயமும் இல்லை. தமிழக அரசு தன் பிளாக்செயின் கட்டமைப்புக்கு வைத்திருக்கும் பெயர் 'நம்பிக்கை இணையம்'. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் ஒருவர் சொத்துதான் என்று தீர்ப்புச் சொன்னது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் கிரிப்டோ சந்தையில் நடந்த திருட்டுக்குப் பிறகு தன் எக்ஸ்ஆர்பி காயின்கள் முடங்கிக் கிடந்த ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. காயின் வாங்குவது உங்கள் விருப்பம். லாபத்துக்கு 30 சதவீத வரி, நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நான் கேட்பது வேறு. எத்தீரியத்தின் உலக மாநாடான டெவ்கான் 2026 நவம்பரில் முதன்முறையாக இந்தியாவுக்கு வருகிறது, மும்பைக்கு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் படிக்கும் பிள்ளைகளே, மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இப்போதே ஒன்றைச் செய்யத் தொடங்குங்கள். சோதனை ஈத்தருக்குக் காசு வேண்டாம். உங்கள் வீட்டுப் பட்டறையில், கடையில் எந்தக் கணக்கு சண்டையில் முடிகிறதோ, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.