நீரா, திசுவா? மார்பக ஸ்கேன் சொல்லும் விடை

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மார்பில் கட்டி தட்டுப்பட்ட பெண் மலையின் உட்கிராமம் ஒன்றிலிருந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய்வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும்; துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். கட்டி வலிக்கவில்லையென்றால் மிளகு பறித்து முடியட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மார்பகப் புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கட்டி என்றாலே புற்றுநோய் என்பதும் இல்லை. தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் விரலால் தொட்டு மட்டும் அதைத் தீர்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பது நீர்க்கட்டியா, திசுக்கட்டியா என்ற முதல் கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை தருவது அல்ட்ராசவுண்ட்.

நம் காதுக்கு எட்டும் ஒலி நொடிக்கு 20,000 அதிர்வுகளோடு முடிந்துவிடுகிறது. மார்பக ஸ்கேனில் ஓடுவது நொடிக்கு ஒரு கோடி அதிர்வுகளையும் தாண்டக்கூடிய ஒலி. மருத்துவர் கையில் பிடித்திருக்கும் புரோப்புக்குள் இருக்கும் படிகங்கள் மின்சாரம் பாய்ந்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும்; எதிரொலி வந்து மோதினால் மின்சாரம் தரும். படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் கண்டவர்கள் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும். ஒலி உடலின் மென்திசுவில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரொலி திரும்பிவர ஆன நேரத்தை வைத்து ஆழத்தையும், அதன் வலுவை வைத்து வெளிச்சத்தையும் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. இடையில் காற்று இருந்தால் ஒலி தோலைத் தாண்டாது. ஜெல் தடவுவது அதற்காகத்தான். எக்ஸ்-ரே போலக் கதிர்வீச்சு இதில் கிடையாது.

படத்தை வாசிப்பதுதான் இதில் அழகான பகுதி. நீர்க்கட்டி கன்னங்கரேலென்று தெரியும். ஒலி நீரில் தேயாமல் கடப்பதால் அதன் பின்புறம் பளிச்சென்றிருக்கும். இளம்பெண்களிடம் அதிகம் காணும் ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டி வழவழப்பான விளிம்போடு, படுத்த முட்டை போலிருக்கும். அது திசு அடுக்குகளை விலக்கிக்கொண்டு வளர்வது. புற்றோ அடுக்குகளை ஊடுருவும். அதனால் அகலத்தைவிட உயரம் கூடி, விளிம்பு சிதைந்து, பின்னால் நிழல் விழுந்து நிற்கும் கட்டியைக் கண்டால் சந்தேகம் வலுக்கிறது. முடிவான விடை, ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில்தான். அந்த ஊசி கட்டிக்குள் இறங்குவதையும் இதே திரையில் பார்த்தபடி செலுத்தலாம்.

இந்த நுட்பத்தை முதலில் முயன்றுபார்த்த உறுப்புகளில் மார்பகமும் ஒன்று. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜான் வைல்டு என்ற மருத்துவரும் ஜான் ரீடு என்ற பொறியாளரும் மார்பகக் கட்டிகளின் எதிரொலியை ஆராய்ந்து 1950களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். ரேடார் பயிற்சிக்காகக் கடற்படை செய்த கருவியே வைல்டுக்கு முதலில் உதவியது.

மார்பக எக்ஸ்-ரேயான மேமோகிராம் இருக்கிறதே என்று கேட்கலாம். சுண்ணாம்புத் துகள்களாகத் தொடங்கும் புற்றைக் காண அதுவே சிறந்தது. வயது கூடியவர்களுக்கு அது வேண்டும். ஆனால் இளம்பெண்களின் அடர்ந்த திசு அதில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகவே தெரியும். எனவே 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் செய்வது அல்ட்ராசவுண்ட். அதன் சிறிய வகைகள் கையில் தூக்கிப் போகும் எடைதான்.

அப்படியானால் ஊர் ஊராக எடுத்துப் போகலாமே? சட்டம் அவ்வளவு எளிதில் விடாது, அதற்கு நியாயமும் உண்டு. பெண்சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். கொல்லிமலை அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கருவின் பாலினத்தை ஸ்கேனில் அறிந்து, பெண்ணைக் கருவிலேயே அழிக்கவும் இந்தக் கருவி பயன்பட்டதால், பாலினம் அறிவதற்கு எதிரான தடைச்சட்டம் 1994இல் வந்தது. பதிவு செய்யாமல் ஸ்கேன் கருவி வைத்திருக்கக் கூடாது. கையடக்கக் கருவியைப் பதிவான மருத்துவமனையின் உள்நோயாளிகளுக்கோ, மற்றச் சிகிச்சைகளும் தரும் நடமாடும் மருத்துவ வாகனத்திலோ மட்டுமே பயன்படுத்தலாம். இந்தப் பூட்டு தளரக் கூடாது என்றே நினைக்கிறேன். மலைக்கு ஸ்கேனைக் கொண்டுவர அந்த வாகன வழியே போதும்.

ஆனால் கருவியைவிட அரிது அதைப் பிடிக்கும் கை. புரோப் சற்றுச் சாய்ந்தாலும் சிறிய கட்டி திரைக்கு வராமலே போகும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சோனோகிராபர் என்பது தனித் தொழில். மருத்துவரல்லாதவர்களே பயின்று ஸ்கேன் எடுக்கிறார்கள். இங்கே ஸ்கேன் எடுத்து அறிக்கை தருவது பெரும்பாலும் கதிரியக்க மருத்துவர். ஆயினும் 2021இன் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியச் சட்டம் சோனோகிராபரையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு ரேடியாலஜி தொழில்நுட்பப் பட்டப்படிப்பு இத்துறையின் வாசல். மலைப்பள்ளிகளில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். மார்பைக் காட்டத் தயங்கும் பெண் தன் ஊர்ப் பேச்சில் விசாரிக்கும் ஒருத்தியிடம் தயக்கம் குறைந்து காட்டுவாள்.

நல்ல ஸ்கேனில் மார்பு முழுவதும் அக்குளும் வரிவரியாகத் தடவிப் பார்க்கப்படும். கட்டியின் இடத்தைக் கடிகார முகமாக எழுதுவார்கள்: இடது மார்பு, 2 மணி, காம்பிலிருந்து 4 செ.மீ. கொல்லிமலையின் செம்மேட்டில் ஒருவர் அப்படி எழுதிக் கொடுத்தால், சேலத்தில் பயாப்சி செய்யும் மருத்துவர் நேரே அந்த இடத்தில் புரோப்பை வைக்கலாம்.