காத்திருக்கும் காலத்துக்கு ஒரு வேலை

ரிசல்ட் வந்த வாரத்தில் பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் இருக்காது. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, ஆதார் என்று எல்லாவற்றிலும் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கிக்கொண்டு முக்கூடலுக்கும் சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் பிள்ளைகள் பஸ் ஏறுகிறார்கள். வீட்டில் கொஞ்ச நாள் கொண்டாட்டம். அதன்பிறகு தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "படிச்சு முடிச்சாச்சு, இப்ப என்ன செய்யுத?"

"பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டு இருக்கேன்" என்பதுதான் இங்கே வழக்கமான பதில். அதில் பொய்யில்லை. ஆனால், அந்தப் பரீட்சை நடந்து, ரிசல்ட் வந்து, கையில் பணி ஆணை கிடைக்கும்வரை கைச்செலவுக்காவது காசு வேண்டாமா? நிரந்தர வேலை கிடைப்பது கஷ்டம் என்பது ஊரறிந்த சங்கதி. அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு தற்காலிக வேலை கிடைப்பதும் அதே அளவுக்குக் கஷ்டமாகிவிட்டது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

படிப்புக்குக் குறைவில்லை

தென்னகத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பெயர். தூய யோவான் கல்லூரி 1878-லும், பெண்களுக்கான சாரா டக்கர் கல்லூரி 1895-லும், தூய சவேரியார் கல்லூரி 1923-லும் தொடங்கப்பட்டவை. தாமிரபரணி ஆற்றுக்கு மறுகரையில் இந்துக் கல்லூரி. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்த பிறகு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என்று நான்கு மாவட்டங்களிலும் பட்டதாரிகள் பெருகினார்கள். மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4 சதவீதம்தான்.

இந்தப் பெருமைக்குப் பின்னால் பல வீடுகளில் ஒரு பீடித் தட்டு இருக்கிறது. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் வட்டாரங்களில் இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித்தான் அம்மாக்கள் மகள்களைப் பட்டதாரிகள் ஆக்கியிருக்கிறார்கள். மகள் பட்டம் வாங்கிய பிறகும் அந்தத் தட்டு கீழே இறங்குவதில்லை. சில வீடுகளில் பி.எஸ்சி. முடித்த பெண்ணும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டுகிறாள். உழைப்பில் தாழ்வு ஒன்றுமில்லை. ஆனால், மகள் இதைச் செய்யக் கூடாது என்றுதானே அந்த அம்மா இத்தனை வருஷம் முதுகு ஒடிய உட்கார்ந்தாள்?

படித்தவர்கள் ஊரைவிட்டுப் போவது இங்கே புதிதல்ல. இந்துக் கல்லூரியில் 1931-ல் பி.ஏ. முடித்த புதுமைப்பித்தனும் பிழைப்புக்குச் சென்னைக்குத்தான் போனார். போக முடிந்தவர்கள் இன்றும் போகிறார்கள். போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். வெளியூரில் தங்க வீட்டில் சம்மதிக்காத பெண்கள், நோயாளி அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மகன்கள், சென்னையில் அறை வாடகைக்கு முன்பணம் புரட்ட முடியாதவர்கள். இவர்களுக்கு ஆற்றங்கரையிலேயே ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

முந்நூறில் ஒருவர்

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பே போதும். 2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள் என்றாலும், விண்ணப்பம் போட்ட நாளில் ஒரு இடத்துக்கு முந்நூறு பேருக்குமேல் என்பதுதான் கணக்கு. 2025 ஜூலைத் தேர்வில் 3,935 இடங்கள். விண்ணப்பங்கள் 13 லட்சத்தைத் தாண்டின.

இந்தப் போட்டியில் முதல் முயற்சியிலேயே தேறுகிறவர்கள் சொற்பம். இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருப்பதுதான் நடைமுறை. அந்த ஆண்டுகளில் கோச்சிங் பீஸ், பஸ் சார்ஜ், மொபைல் ரீசார்ஜ், விண்ணப்பக் கட்டணம் என்று செலவு மட்டும் நிற்காது. ஆகவே, காலையில் படித்துவிட்டு மதியத்துக்கு மேல் போகிற மாதிரி ஒரு வேலை, அல்லது தேர்வு முடிந்த கையோடு ஆறு மாதத்துக்கு ஒரு வேலை என்று தேடுகிறார்கள்.

"நீ இருக்க மாட்ட தம்பி"

வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு முன்னால் வண்ணார்பேட்டை, டவுன் ஜவுளிக் கடைகளில் சீசனுக்கு ஆள் எடுப்பார்கள். டி.டி.பி. சென்டர், நர்சரிப் பள்ளி, லேப் ரிசப்ஷன், டெலிகாலர், சாப்பாடு டெலிவரி என்று வேறு இடங்களும் உண்டு. ஆனால், பட்டதாரி என்று தெரிந்ததும் கடைக்காரரின் முகம் மாறிவிடும். அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"எம்.காம். அண்ணாச்சி."

"அப்ப நீ இருக்க மாட்ட தம்பி. கவர்மெண்ட் வேலை கிடைச்சா மறுநாளே போயிருவ. ஒனக்கு எதுக்கு நான் தொழில் சொல்லிக் குடுக்கணும்?"

அண்ணாச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று மாதம் செலவழித்து ஓர் ஆளைப் பழக்கிய பிறகு அந்த ஆள் போய்விட்டால் நஷ்டம் அண்ணாச்சிக்குத்தான். ஆனால், இந்தப் பயத்தைச் சில இடங்களில் சமாளிக்கிற விதம் அநியாயமானது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்கள். கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துவைக்கிறார்கள். அந்த சர்டிபிகேட்தான் அந்தப் பிள்ளையின் மொத்தச் சொத்து. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வருகிற நாளில் அதற்காக முதலாளியின் முன்னால் கெஞ்சி நிற்க வேண்டியிருக்கிறது. கல்விச் சான்றிதழ் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடிய பண்டம் அல்ல என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலாளிகளும் அதை மனதில் வைக்க வேண்டும்.

ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. சீசனுக்கு வருகிற ஆளுக்கும் அந்த இருக்கையில் உரிமை உண்டு என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

அரசே தற்காலிக முதலாளி

தனியாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஓவியம், இசை, உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 2012-ல் மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை அரசு நியமித்தது. பத்து வருஷத்துக்குப் பிறகும் அவர்களில் பலர் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுக்க முடிவானபோது, இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய்தான் நிர்ணயித்தார்கள். கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் வழிகாட்டியது. தமிழக அரசுக் கல்லூரிகளில் அது 25,000 ரூபாய்க்கு உயர்ந்ததே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

முன்மாதிரியாக இருக்க வேண்டிய அரசே தற்காலிகப் பணி என்றால் குறைந்த சம்பளம், முடிவு தெரியாத காலம் என்று பழக்கிவிட்டால், மற்றவர்கள் எப்படித் திருந்துவார்கள்?

ஐந்து ஆண்டும் நான்கு மாதமும்

வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, தவறாமல் புதுப்பித்து, ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளை முடித்தவர்களுக்குக் கிடையாது. இத்தனைக்கும் பிறகு பட்டதாரிக்குக் கிடைப்பது மாதம் 600 ரூபாய். அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்.

2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் 'இளைஞர் உத்தரவாதம்' என்று ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டது. படிப்பை முடித்த அல்லது வேலையை இழந்த இளைஞருக்கு நான்கு மாதத்துக்குள் ஒரு வேலையோ, மேற்படிப்போ, தொழிற்பழகுநர் பயிற்சியோ கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரம். எல்லா நாடுகளிலும் அது ஒரே மாதிரி நிறைவேறிவிடவில்லை. ஆனால், படிப்பு முடித்த முதல் சில மாதங்களில் கைகொடுக்க வேண்டும் என்கிற அறிவு அதில் இருக்கிறது. நாம் இளைஞரை ஐந்து ஆண்டுகள் நிற்கவைத்துவிட்டுத்தான் கையை நீட்டுகிறோம்.

செய்யக்கூடியவை

பெரிய மந்திரம் எதுவும் தேவையில்லை. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தன்னார்வப் பயிலும் வட்டங்களை நடத்துகின்றன, தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகின்றன. மூன்று மாத, ஆறு மாத வேலைகளுக்கும் அங்கேயே ஒரு தனிப் பதிவேடு வைக்கலாம். பண்டிகை விற்பனைக்கும் கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்துக்கும் ஆள் தேவை என்று கடைகளும் ஆடிட்டர் அலுவலகங்களும் பதியட்டும். எத்தனை மாதம் என்று முதலிலேயே பேசிவிட்டால் அண்ணாச்சியின் பயமும் தீரும்.

தொழிற்பழகுநர் பயிற்சி ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் இங்கே இன்னும் போகவில்லை. கலை, அறிவியல் பட்டதாரிகளும் சேரலாம். 2019 விதிகளின்படியே பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 9,000 ரூபாய். கங்கைகொண்டானில் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட டாடா பவர் சோலார் ஆலை பெண்களுக்கு ஏராளமாக வேலை கொடுத்திருக்கிறது. இத்தகைய ஆலைகளின் அலுவலகம், ஸ்டோர்ஸ், தரக்கட்டுப்பாடு ஆகியவற்றில் உள்ளூர்ப் பட்டதாரிகளுக்குப் பழகுநர் இடங்களைக் கேட்டுப் பெறுவது நம் கல்லூரி நிர்வாகங்களின் கடமை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற நிறுவனம் நியமனக் கடிதம் தர வேண்டும். வேலையை விட்டு விலகினால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தீர்க்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுத்த ஆளுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. கடைசி செமஸ்டரில் இதற்காக ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பட்டத்தோடு இந்த அறிவையும் கொடுத்து அனுப்பலாம்.

முதலாளிகளிடம் கேட்பது இவ்வளவுதான்: ஒரிஜினலை வாங்கிவைக்காதீர்கள். பேசிய தேதியில் சம்பளம் கொடுங்கள். போகும்போது ஓர் அனுபவச் சான்று எழுதிக் கொடுங்கள். பெற்றோரிடமும் ஊராரிடமும் கேட்பது: ஆறு மாதம் துணிக்கடையில் நின்ற பட்டதாரியை "இதுக்குத்தான் படிச்சியா?" என்று கேட்காதீர்கள். அவர் தன் கனவைக் கைவிடாமல், வீட்டுக்கும் பாரமாகாமல் இருக்கப் பாடுபடுகிறார். அந்தப் பாடு மதிக்கப்பட வேண்டியது. அதற்கு உரிய கூலியைக் கொடுப்பது நாம் செய்கிற தர்மம் அல்ல. அவருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி.