லினக்ஸ் கணினியில் வரைகலை அட்டை இயக்கிகள்

வரைகலை அட்டை இயக்கி என்பது கணினியின் வரைகலை அட்டைக்கும் இயக்குதளத்துக்கும் இடையே நின்று ஆணைகளைக் கொண்டு சேர்க்கும் மென்பொருளாகும். சாளரங்கள் தோன்றுவதும், காணொளி தடங்கலின்றி ஓடுவதும், முப்பரிமாண விளையாட்டுகள் இயங்குவதும் இதையே சார்ந்துள்ளன. லினக்ஸை நிறுவியபின் திரை கறுப்பாகவே நின்றால் அட்டை பழுதாகிவிட்டது என்று பலர் கருதுவதுண்டு. ஆனால் இயக்கி கருனியோடு பொருந்தாமல் போவதாலும் அவ்வாறு நேரும்.

இயக்கியின் இரு பகுதிகள்

லினக்ஸில் வரைகலை இயக்கி இரு பகுதிகளாக அமைந்துள்ளது. முதற்பகுதி கருனிக்குள் இயங்கும். அட்டையின் நினைவகத்தைப் பங்கிடுவதும், திரையின் பிரிதிறனை அமைப்பதும் அதன் வேலை. இரண்டாம் பகுதி கருனிக்கு வெளியே நிரலகமாக இருந்து, ஓப்பன்ஜிஎல், வல்கன் போன்ற இடைமுகங்களைச் செயலிகளுக்கு வழங்கும். திறமூல இயக்கிகளில் இந்த வேலையைச் செய்வது, பிரையன் பால் 1993இல் தொடங்கிய மெசா நிரலகம் ஆகும்.

இரு பகுதிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். என்விடியாவின் இயக்கியில் இரண்டும் ஒரே பதிப்பு எண்ணைக் கொண்டிருப்பது கட்டாயம். புதுப்பித்த பின் கணினியை மீளத் துவக்காவிட்டால், பழைய கருனிக்கூறும் புதிய நிரலகமும் மோதிப் பிழை காட்டும். அப்போது ஒருமுறை மீளத் துவக்கினாலே போதும்.

நிறுவனங்களும் அணுகுமுறைகளும்

இன்டெல், ஏ.எம்.டி. ஆகியவற்றின் இயக்கிகள் கருனியின் மூலநிரலிலேயே இடம்பெற்றுள்ளன. 2006இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கிய ஏ.எம்.டி., 2007 முதல் தன் அட்டைகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. அதன் ஏ.எம்.டி.ஜி.பி.யு. இயக்கி 2015இல் லினக்ஸ் 4.2 பதிப்பில் சேர்ந்தது. இவ்விரு நிறுவனங்களின் அட்டைகளை வைத்திருப்போர் பொதுவாக எந்த இயக்கியையும் தனியாகத் தரவிறக்கத் தேவையில்லை.

என்விடியாவோ நெடுங்காலம் தனியுரிம இயக்கியை மட்டுமே தந்துவந்தது. தன்னார்வலர்கள் அட்டையின் செயல்பாட்டைக் கூர்ந்து ஆராய்ந்து, நூவோ என்னும் திறமூல இயக்கியை எழுதினர். பிரெஞ்சு மொழியில் அதற்குப் 'புதிய' என்று பொருள். 2010இல் வெளியான லினக்ஸ் 2.6.33 பதிப்பில் அது இடம்பெற்றது. ஆனால் ஜீஃபோர்ஸ் 900 வரிசையிலிருந்து என்விடியா கையொப்பமிட்ட நிலைபொருளையே அட்டைகள் ஏற்றன. அதனால் நூவோவால் அந்த அட்டைகளை முழு வேகத்தில் இயக்க முடியவில்லை. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினஸ் டோர்வால்ட்ஸ், என்விடியாவின் போக்கைக் கடுமையாகச் சாடினார். 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கும் உரிய கருனிக்கூறுகளின் மூலநிரலை வெளியிட்டது. கருனிக்கு வெளியே இயங்கும் பகுதி தனியுரிமமாகவே நீடித்தது.

என்விடியா இயக்கியை நிறுவுதல்

1. முதலில் அட்டையின் மாதிரியை அறிய வேண்டும். முனையத்தில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை அதைக் காட்டும்.

2. இயக்கியை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுக்காமல், வழங்கலின் களஞ்சியத்திலிருந்து நிறுவுவது நல்லது. உபுண்டுவில் 'கூடுதல் இயக்கிகள்' என்னும் கருவி பொருத்தமான பதிப்பைப் பரிந்துரைக்கும். டெபியனில் தனியுரிம மென்பொருள் பிரிவை இயக்க வேண்டும். ஃபெடோராவில் ஆர்.பி.எம். ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்க்கலாம்.

3. வெளியிலிருந்து வரும் கருனிக்கூறு ஒவ்வொரு கருனிப் பதிப்புக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். கருனி மாறும்போதெல்லாம் அதைத் தானாகத் தொகுத்துத் தருவது டி.கே.எம்.எஸ். என்னும் கருவி. அதற்குக் கருனியின் தலைப்புக் கோப்புகள் கணினியில் இருக்க வேண்டும்.

4. பாதுகாப்பான துவக்கம் இயங்கினால், கையொப்பமற்ற கூறுகளைக் கருனி மறுத்துவிடும். இத்தகைய கணினியில் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படலாம். அடுத்த துவக்கத்தில் தோன்றும் நீலத் திரையில் அதை உள்ளிட்டுச் சாவியைப் பதிவுசெய்ய வேண்டும். அத்திரையைக் கவனியாமல் தாண்டினால் இயக்கி ஏறாது.

5. கடைசியாக 'என்விடியா எஸ்எம்ஐ' கட்டளையை இயக்கினால் அட்டையின் பெயரும் இயக்கியின் பதிப்பும் தெரியும்.

திரை கறுப்பானால்

கணினியை மீண்டும் துவக்கி, கிரப் பட்டியலில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று பழைய கருனியைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் உதவாவிட்டால் துவக்க வரியில் 'நோமோட்செட்' என்று சேர்க்க வேண்டும். அப்போது கருனி தன் வரைகலை இயக்கிகளை ஒதுக்கிவிட்டு எளிய திரையைத் தரும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்து முனையத்துக்குச் சென்று, பிழையான இயக்கியை நீக்கவும் வழியுண்டு. இவற்றால் பயனரின் கோப்புகளுக்குத் தீங்கு நேராது. எனவே இயக்குதளத்தை அழித்து மறுபடி நிறுவும் முன் இவற்றைச் செய்து பார்க்க வேண்டும்.

பழைய அட்டைகள்

என்விடியாவின் ஃபெர்மி தலைமுறைக்கு 390 வரிசையும், கெப்ளர் தலைமுறைக்கு 470 வரிசையுமே இறுதியான தனியுரிம இயக்கிகளாகும். இவற்றுக்கு ஆதரவு நின்றபின் வரும் கருனிகளில் இவை தொகுக்கப்படாமல் போகலாம். அப்போது பயனருக்கு எஞ்சுவது நூவோவே. அதன் வேகம் குறைவானாலும் எழுதவும் படிக்கவும் இணையத்தில் உலாவவும் போதுமானது. மூலநிரல் கருனிக்குள் இருக்கும் இயக்கியை, நிறுவனம் கைவிட்டாலும் பிறர் பேணலாம். மூலநிரல் மூடிக்கிடக்கும் இயக்கியில் அதற்கு வழியில்லை. ஆகவே லினக்ஸுக்காகப் பழைய கணினி வாங்கும் மாணவர், அட்டையின் வேகத்தோடு அதன் இயக்கி எங்கே இருக்கிறது என்பதையும் பார்ப்பது நன்று.