காலுக்குப் புதுப் பாதை

காலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாய் குறுகிப்போவதே கால் ரத்தஓட்டக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம். சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் அதை விரைவுபடுத்துகின்றன. தொடக்கத்தில் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்திழுக்கும், நின்றால் விட்டுவிடும். நோய் முற்றியபின் படுத்திருக்கையிலும் பாதம் வலிக்கும், புண் ஆறாது, விரல்நுனி கருக்கும். பைபாஸ் அறுவை பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில், காலை எடுக்காமல் காப்பதற்காகவே செய்யப்படுகிறது. அடைப்பை அது தொடுவதே இல்லை. அடைப்புக்கு மேலே ரத்தம் ஓடும் தமனியையும் கீழே திறந்திருக்கும் தமனியையும் வேறொரு குழாயால் இணைத்துவிடுகிறது.

அந்தக் குழாய் எது என்பதைப் பொறுத்தே பலன் பெரிதும் அமைகிறது. 1948-இல் பாரிஸில் ழான் குன்லின் என்ற அறுவை மருத்துவர் நோயாளியின் சொந்தச் சிரையையே இதற்குப் பயன்படுத்திக் காட்டினார். இன்றும் அதற்கு நிகரான குழாய் கிடைக்கவில்லை. கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடை இடுக்குவரை தோலுக்கடியில் ஓடும் நீண்ட சிரை அது; வெரிகோஸ் நோயில் பலருக்குப் புடைத்து நெளிவதும் அதுவே. சிரைக்குள் ரத்தம் மேல்நோக்கி மட்டுமே செல்லும்படி வால்வுகள் இருப்பதால், வெட்டியெடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும். அல்லது இருந்த இடத்திலேயே விட்டு, உள்ளே மெல்லிய கருவியொன்றைச் செலுத்தி வால்வுகளை அறுத்துவிட வேண்டும். இதய பைபாஸுக்காக அச்சிரையை ஏற்கெனவே இழந்தவர்களுக்கும், அது மெலிந்துபோனவர்களுக்கும் செயற்கைக் குழாய் வைப்பதுண்டு. முழங்காலுக்கு மேலே அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். கீழே விரைவில் அடைத்துக்கொள்ளும்.

பலனை மூன்று கணக்குகளாகப் பார்க்க வேண்டும்: குழாய் திறந்திருக்கிறதா, கால் தங்கியதா, ஆள் உயிரோடிருக்கிறாரா. மூன்றும் ஒன்றையொன்று அப்படியே பின்தொடர்வதில்லை. புண் ஆறியபின் குழாய் அடைத்தால் கால் தப்பிவிடக்கூடும். குழாயில் ரத்தம் நன்றாக ஓடும்போதே பாதத்தின் கிருமித்தொற்று மேலேறிக் காலை எடுக்க நேர்வதும் உண்டு. 2006-இல் வெளியான பிரிவென்ட் 3 என்ற வட அமெரிக்க ஆய்வு, சிரை பைபாஸ் செய்துகொண்ட 1,404 பேரைப் பின்தொடர்ந்தது. ஓராண்டு முடிவில் மறுசிகிச்சை ஏதுமின்றித் திறந்திருந்த குழாய்கள் ஏறத்தாழ 61 விழுக்காடு; மறுசிகிச்சையால் மீட்கப்பட்டவற்றையும் சேர்த்தால் 80. கால் தப்பியது 88 விழுக்காடு, உயிர் பிழைத்திருந்தது 84. காலில் இவ்வளவு அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளைக்குச் செல்லும் குழாய்களிலும் அதே நோய் இருப்பது வழக்கம் என்பதால், கடைசி எண்ணில் வியப்பில்லை.

பலூனாலும் ஸ்டென்டாலும் அடைப்பை உள்ளிருந்தே விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோடு ஒப்பிட்டால் பைபாஸ் மேலானதா என்ற கேள்விக்கு அண்மையில் இரு ஆய்வுகள் எதிரெதிரான விடை தந்தன. 2022-இல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், நல்ல சிரை உடைய 1,434 பேரிடையே, பெரிய மறுசிகிச்சை, கால் இழப்பு, மரணம் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6 விழுக்காடு, ஆஞ்சியோபிளாஸ்டி பிரிவில் 57.4. மறு ஆண்டே பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க் மருத்துவமனைகளின் பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்பிருந்த 345 பேரில், காலோடு உயிர்வாழ்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 37 விழுக்காடே என்றும் மற்றதில் 47 என்றும் அறிவித்தது. முரண்பாடு தோன்றும் அளவுக்குப் பெரிதன்று. முதலாவது ஆய்வு மறுசிகிச்சையையும் தோல்வியாக எண்ணியது, இரண்டாவது எண்ணவில்லை. மேலும் இரண்டாவதில் வேறுபாட்டை உண்டாக்கியது பெரும்பாலும் மரணமே. ஆகவே நல்ல சிரையும் பெரிய அறுவையைத் தாங்கும் உடலும் உள்ளவருக்கு பைபாஸும், இதயமோ நுரையீரலோ தளர்ந்தவருக்கு முதலில் பலூனும் என்று ஆளுக்கேற்ப முடிவெடுப்பதே பொருத்தமாகப் படுகிறது.

அறுவைக்குப் பின் தொடை இடுக்கிலும் சிரை எடுத்த தடத்திலும் காயம் ஆறத் தாமதமாவதும், கால் சில வாரங்கள் வீங்கியிருப்பதும் அடிக்கடி காணப்படுபவை. முதல் மாதத்திலேயே குழாய் அடைத்தால் தையலிலோ தேர்ந்தெடுத்த சிரையிலோ குறை இருந்திருக்கலாம். அதன்பின் இரண்டாண்டுவரை, தமனியின் அழுத்தத்துக்குப் பழகாத சிரையின் உட்சுவர் தடித்துக் குழாயைக் குறுக்குவது முதன்மைக் காரணமாகிறது. புகைப்பதைத் தொடர்பவர்களுக்குக் குழாய் அடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. குறுகத் தொடங்கும்போது நோயாளிக்குப் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. டாப்ளர் ஸ்கேனில் அந்த இடத்தில் மட்டும் ரத்தத்தின் வேகம் திடீரென ஏறுவதே அடையாளம். அந்நிலையில் பலூனால் விரித்துவிடுவது எளிது, முழுக்க அடைத்தபின் திறப்பது கடினம். பிரிவென்ட் 3 ஆய்வில் 61-க்கும் 80-க்கும் இடையிலுள்ள குழாய்களில் பெரும்பாலானவை இத்தகைய மறுசிகிச்சைகளால் ஓடிக்கொண்டிருந்தவையே.